நமக்கும் பருவம் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம். வீட்டுத் தோட்டம் பற்றி ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் நம் மலேசியாவில் எந்த மாதத்தில் எதை நட்டாலும் வளரும் என்ற கருத்தை ஏற்க முடியவில்லை. பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி என்றால் மண் வெடிக்கிற வெயில், செப்டம்பர், அக்டோபர் என்றால் கொட்டித் தீர்க்கும் மழை. இதுவும் பருவம்தானே? ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டு வாசலில் போன அக்டோபரில் சிவப்புத் தண்டுக்கீரை விதைத்தேன், ஒரே ராத்திரி மழையில் விதை, எரு எல்லாம் கால்வாய்க்குப் போய்விட்டது. சரி என்று மீந்த விதையை ஜனவரியில் தூவி, காலையும் மாலையும் பூவாளியால் தெளித்து வந்தேன், நான்காம் நாள் சிவப்பு நூல் போல முளை எட்டிப் பார்த்தது, ஒரு மாதத்தில் பறித்துக் கடைந்து சாப்பிட்டோம். அந்தச் சின்ன முளையைப் பார்த்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது!

எனவே மாதம் ஒருமுறை, எதை விதைக்கலாம், எதைக் கவாத்து செய்யலாம் (கிளைகளை வெட்டிவிடலாம்) என்று ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். கிளந்தான் மாநிலத்தில் நவம்பர், டிசம்பரில்தான் பெருமழை, அதனால் மாநிலவாரியாகப் பிரித்துப் போட்டால் எல்லா வாசகர்களுக்கும் உதவும்.

– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு