மேல்காற்று

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கோவையில் பாலக்காட்டுக் காற்று தொடங்கிவிட்டது, சாயங்காலம் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் திண்ணையில் உட்காருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. மேற்கிலிருந்து வருகிற அதே மேல்காற்றுதான் இங்கே எங்களை வறுத்தெடுக்கிறது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சென்னையில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருவது ஏப்ரல் கடைசியில். ஆனால் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று. வெயிலை மட்டும் திட்டிப் பயனில்லை. அந்தச் சமயத்தில்தான் மேல்காற்று வலுக்கிறது. உன் ஊருக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரத்தோடு நுழைந்துவிடுகிறது. எங்களுக்கு வருவதோ, ஈரத்தை மலையாளக் கரையில் கொட்டிவிட்டு, மலையேறி, மைசூர் மேட்டைக் கடந்து, வறண்டு இறங்குகிற காற்று. இறங்கும்போது அமுங்கும், அமுங்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பு கையைச் சுடுமே, அதே கதைதான். ஆயிரம் மீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 10 டிகிரி ஏறும். பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 33 டிகிரியில் கிளம்புகிற காற்று இங்கே தரைக்கு வரும்போது 42.

அதைவிடக் கொடுமை, இது கடற்காற்றை ஊருக்குள் விடாது. மதியம் ஒரு மணிக்குள் வரவேண்டியது, கரையிலேயே தயங்கி நிற்கும். வங்கக்கடலில் புயல் வடக்கே போனால் கேட்கவே வேண்டாம். ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நமக்கு வறண்ட நிலக்காற்றைத் தள்ளிவிடும். 2020-இல் ஆம்பன் போனபோது மழை வருமென்று காத்திருந்தோம், வெக்கைதான் வந்தது.

இன்று மொட்டைமாடியில் போட்ட வேட்டி இருபது நிமிடத்தில் அப்பளமாக விறைத்துவிட்டது. மூன்றேகால் வரை பக்கத்து வீட்டுத் தென்னை ஓலைகள் கிழக்குப் பக்கமாகவே அடித்துக்கொண்டிருந்தன. திடீரென்று அசைவே நின்றது. அப்புறம் ஒவ்வொன்றாக மேற்கே திரும்பின. "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று மாடிப்படியில் நின்று கத்தினேன். யாரோ விருந்தாளி என்று நினைத்து உன் தங்கச்சி அடுப்பில் பாலை வைத்துவிட்டாள்.

அந்தக் காபியைக் குடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஜூன் கடைசியில் அங்கே வரலாமென்று இருக்கிறேன். எனக்கும் ஒரு துண்டு எடுத்து வை.

அன்புடன்,
ராமு