நரம்பு ஊசி போடுவதற்கு முன் காலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பக்கத்தில் சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ள ஒருவர் கால் விறைக்கிறது என்றால், "குளிருக்குத்தான்" என்பார்கள். மூன்று மாதம் கழித்தும் விறைப்பு போகவில்லை என்றால், "டவுனுக்குப் போய் ஒரு நரம்பு ஊசி போட்டுக்கொள்" என்பார்கள். பி1, பி6, பி12 போன்ற விற்றமின்கள் உள்ள அந்த ஊசியைப் பற்றித்தான் எழுதுகிறேன். மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்தில் 34 வருடம் தேயிலைக் கொழுந்தெடுத்த என் அம்மாவின் கால் எனக்குக் கற்றுத் தந்த விஷயம் இது.

அம்மா 11 வருடமாகச் சீனிக்கு மெட்ஃபோமின் மாத்திரை குடிக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் இராத்திரியானால் பாதம் எரிகிறது என்று சொல்லத் தொடங்கினார். கிளினிக் நாள் வர இன்னும் நாளிருந்ததால், யாரோ சொன்ன இடத்தில் வாரம் ஒரு சிவப்பு ஊசி போட்டுக்கொண்டார். ஏழு மாதம் போட்டார். போட்டவர் கிளினிக் கொப்பியைக் கேட்கவில்லை, இரத்தம் பார்க்கச் சொல்லவில்லை, காலுறையைக் கழற்றச் சொல்லவுமில்லை. சில நாள் மருந்துக் குப்பிகளை மொத்தமாக வாங்கி வந்து ஜன்னல் விளிம்பில் வெயில் படும்படி வைத்திருந்தோம். அந்த மருந்து வெளிச்சத்தில் கெட்டுப்போகும் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

ஊசி போட்ட இரண்டு நாள் அம்மாவுக்குத் தெம்பாக இருந்தது உண்மை. ஆனால் மரக்கறித் தோட்டத்திலிருந்து வந்தபோது செருப்பெல்லாம் இரத்தம். அட்டை கடித்ததே அவருக்குத் தெரியவில்லை. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். அடுத்த மாதம், குளிருக்கு அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவரின் பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் போட்டிருந்தது. சுட்டதை அவர் உணரவில்லை. கொப்புளம் புண்ணாகி, ஆற மூன்று மாதம் எடுத்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்டர் முதலில் செய்தது காலைத் தொட்டுப் பார்த்ததுதான். கண்ணை மூடச் சொல்லி, நைலோன் நூல் மாதிரி ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு கேட்டார்: "ஊசி தொடங்குவதற்கு முன் பி12 அளவு பார்த்தீர்களா?" இல்லை. இனிப் பார்த்தால் ஊசி மருந்தால் அளவு கூடித்தான் காட்டும். அம்மாவுக்கு உண்மையிலேயே பி12 குறைந்திருந்ததா, சீனியாலேயே நரம்பு கெட்டதா என்பது அதற்குப் பிறகு எங்களுக்குச் சரியாகத் தெரியவே இல்லை. எனக்கு இன்றும் மனதை அறுப்பது இதுதான்.

மெட்ஃபோமின் நல்ல மருந்து, அதைப் பயந்து யாரும் நிறுத்த வேண்டாம். ஆனால் வருடக்கணக்கில் குடிக்கும்போது, சாப்பாட்டிலுள்ள பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உடம்பில் சேர்வது குறைகிறது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரியப் பல வருடம் போகும். அதோடு பி12 மீன், முட்டை, பால், ஈரல் போன்றவற்றில்தான் இருக்கிறது. காலையில் ரொட்டியும் சம்பலும், பகலில் சோறும் பருப்பும், இடையில் வெறும் தேத்தண்ணி என்று வாழும் நமக்கு வரவே குறைவு. 2022இல் பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பி12 குறைவதை மெட்ஃபோமினின் அடிக்கடி வரும் பக்கவிளைவாக அறிவித்து, குறைபாட்டின் அறிகுறி உள்ளவர்களுக்குப் பி12 அளவைப் பார்க்கச் சொன்னது. கால் எரிவும் விறைப்பும் அந்த அறிகுறிகளில் சேரும்.

குறைபாடு இருப்பது உறுதியானால் ஊசி அருமையான மருந்து. முதல் சில வாரம் அடிக்கடி, அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று என்று பொதுவாகப் போடுவார்கள். பலருக்கு அளவு கூடிய மாத்திரையே போதும். குறைபாடே இல்லாதவருக்கு ஊசியால் பெரிய பயன் கிடைக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. சீனியால் கெடும் நரம்பைக் காக்க முதல் வேலை சீனியைக் கட்டுப்பாட்டில் வைப்பது. ஊசி சீனியைக் குறைக்காது.

"விற்றமின்தானே, கூடினால் என்ன" என்று நானும்தான் சொன்னேன். நரம்பு ஊசி என்று விற்கும் பல குப்பிகளில் பி1, பி12 உடன் பி6உம் 100 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. பி6 நீண்ட காலம் அதிகமாகச் சேர்ந்தால் அதுவே நரம்பைக் கெடுத்துக் காலை விறைக்க வைக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 12 மில்லிகிராம் என்று மேல் வரம்பு வைத்தது. டொக்டர் காரணத்தோடு தரும் மருந்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பது வேறு விஷயம். ஆனால் யாருடைய கணக்கிலும் இல்லாமல் வாரம் ஒரு ஊசியும், அதற்கு மேல் பி கொம்ப்ளெக்ஸ் மாத்திரையும் என்று அம்மா எடுத்தபோது, விறைப்பு கூடக் கூட நாங்கள் இன்னும் ஊசிதான் தேடினோம்.

தனியாக ஃபோலிக் அமில மாத்திரை குடிப்பவர்களும் கவனிக்க வேண்டும். அது இரத்தச்சோகையை மட்டும் சரியாக்கிக் காட்டும். பி12 குறைவால் நரம்பு கெடுவது உள்ளே தொடரும்.

ஊசி போடும் முறைக்கும் பழக்கம் தேவை. தசைக்குள் ஆழமாகப் போட வேண்டிய மருந்து அது. பிட்டத்தில் இடம் தவறினால் காலுக்குப் போகும் பெரிய நரம்பே அடிபடும். ஒரு தரம் பாவித்த ஊசியைத் திரும்பப் பாவித்தால் சீழ்க்கட்டி வரலாம், தொற்று நோயும் வரலாம். சீனி உள்ளவருக்கு சீழ்க்கட்டி சின்ன விஷயமில்லை. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து குடிப்பவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அரிதாக, முக்கியமாக பி1 மருந்துக்கு, கடும் ஒவ்வாமை வரும். அதனால் அவசர சிகிச்சை வசதி உள்ள இடத்தில் போட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பது நல்லது. பக்கத்து லயத்துத் தம்பிக்கு ஊசி போடத் தெரியும் என்பதற்காக வீட்டில் போட்டுக்கொள்ளாதீர்கள். சேலைனில் கலந்து ஏற்றச் சொல்லியும் கேட்காதீர்கள்.

டவுனுக்கு ஏன் ஓடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நோர்வூட், டிக்கோயா கடந்து ஹட்டன் வரை போய், வரிசையில் நின்று திரும்பினால் அன்றைய பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போய்விடும். அரைப் பேருக்கே கணக்குப் பார்க்கும் குடும்பங்கள் இவை. ஆகவே நம் சுகாதார அதிகாரிகளிடம் கேட்கிறேன்: சீனி கிளினிக் கொப்பியில் வருடம் ஒரு முறை கால் பரிசோதனைக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். பல வருடம் மெட்ஃபோமின் குடிப்பவருக்குக் கால் எரிந்தால், ஊசிக்கு முன் பி12 பரிசோதனைக்கு எழுதிக் கொடுங்கள். அதற்கான இரத்தத்தைத் தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே எடுத்து அனுப்ப ஒரு ஒழுங்கு செய்யுங்கள்.

அம்மா இப்போது தினமும் இரவு படுக்குமுன் காலை என்னிடம் நீட்டுகிறார். நான் டோர்ச் அடித்து விரலிடுக்கெல்லாம் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
பொகவந்தலாவை.