பழங்கற்கருவித் தேடல் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்களும் களப்பயணங்களும் வழக்கம்போல் நடந்தேறின. அவற்றின் விவரம் குறிப்பேட்டில் உள்ளது. இவ்வாண்டின் உழைப்பில் பெரும்பகுதி நாம் கண்டெடுத்த கற்கருவிகளின் பதிவேட்டைத் திருத்துவதிலேயே கழிந்தமையால், அதைப் பற்றியே விரிவாகக் கூற விழைகிறேன்.

'பாறை வகை' என்ற கட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் 'கருங்கல்' என்றே எழுதி வைத்திருந்தோம். அவ்வாறு எழுதியவர்களில் நானும் ஒருவன். பேச்சு வழக்கில் கிரானைட், டோலரைட், பசால்ட் எல்லாமே கருங்கல்தான். கருவி செய்தவனுக்கு அவை ஒன்றல்ல. பருமணிகள் (பெரிய கனிமத் துகள்கள்) கொண்ட கிரானைட்டை அடித்தால் நல்ல கூர்விளிம்பு கிடைப்பதில்லை. நுண்மணிகள் நெருங்கிய டோலரைட்டோ, தேய்த்து மெருகேற்றும் புதிய கற்காலக் கோடரிக்கு மிகவும் ஏற்றது. 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் அவருடைய தோழர் கிங்கும் கண்டறிந்த, திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தின் கைக்கோடரிகள் பெரும்பாலும், மணற்கல் இறுகி உருவாகும் குவார்ட்சைட்டால் ஆனவை.

ஏமாற்றுவது கல்லின் மேற்தோல். நெடுங்காலம் மண்ணில் கிடந்து இரும்புக்கறை ஏறிய குவார்ட்சைட், பார்வைக்கு மணற்கல்லைப் போலவே இருக்கும். புதிய உடைப்பைப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்: மணற்கல்லில் உடைப்பு மணிகளைச் சுற்றிச் செல்வதால் விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும், குவார்ட்சைட்டில் அது மணிகளையே ஊடறுத்துச் செல்வதால் முகம் பளபளக்கும். ஆனால் கருவியை உடைத்துப் பார்க்க முடியாது. கீறிப் பார்க்கவும் கூடாது. உறுப்பினர் ஒருவர் கத்தியால் கீறி, குவார்ட்சைட்டின் கடினம், கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோ அளவில் ஏறக்குறைய 7 என்பதால் கல்லில் கீறல் விழாமல் எஃகின் சாம்பல் கோடு மட்டுமே பதிந்த கைக்கோடரி இன்றும் நம்மிடம் உள்ளது. அவர் ஆர்வத்தைக் குறைகூறவில்லை. அந்தக் கோட்டைத்தான் இன்னும் போக்க முடியவில்லை.

ஆகவே சேதமில்லாத வழிகளையே கைக்கொண்டோம். காற்றிலும் நீரிலும் எடை பார்த்து, காற்றெடையை இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்தால், குவார்ட்சைட்டுக்கு 2.65-ஐ ஒட்டியும் டோலரைட்டுக்கு 3-ஐ ஒட்டியும் ஒப்படர்த்தி (நீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பது) விடையாக வருகிறது. நூலில் தொங்கவிட்ட காந்தம், காந்தம் ஈர்க்கும் இரும்புக் கனிமமான மேக்னடைட் கலந்த டோலரைட்டை நோக்கிச் சற்றே சாய்கிறது, குவார்ட்சைட்டிடம் அசைவதில்லை. மிக நுண்ணிய மணிகளாலான சிலிக்காக் கல்லாகிய செர்ட்டையும் குவார்ட்சைட்டையும் எடை பிரித்துக் காட்டாது. அங்கே பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸே துணை. அதன் வழியே பார்த்தும் மணி தெரியாவிட்டால் செர்ட் என்றே பெரும்பாலும் கொள்கிறோம். நுண்கற்கருவிகளின் எடை நம் தராசுக்கு எட்டாது என்பதால் அவற்றுக்கும் லென்ஸ்தான்.

இத்திருத்தத்தின்போது, மனிதர் செதுக்கியதன் அடையாளங்களான அடித்த தளமோ அதன் கீழ்ப் புடைப்போ சில்லு பெயர்ந்த தழும்புகளின் ஒழுங்கோ இல்லாத பல கற்கள், வெள்ளத்தில் உருண்டு உடைந்தவை எனத் தெரிந்து நீக்கப்பட்டன. அவற்றுள் மன்றத்தின் முதல் கண்டெடுப்பு எனப் பெருமையுடன் காட்டி வந்ததும் அடங்கும்.

இனிக் கருவிகளைக் கிடந்த இடத்திலேயே படமெடுத்துப் பதிந்து, பாறை உறுதிப்படாதவற்றுக்கு 'ஐயம்' என்றே எழுத வேண்டும் என்ற செயற்குழுவின் பரிந்துரையுடன், இவ்வறிக்கையை ஏற்றருளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்