வயதும் செவியும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு நலமாக இருக்கிறாய் என்றறிந்து மகிழ்ந்தேன். இங்கு நாங்கள் அனைவரும் நலம். அறுபதைத் தாண்டிய பிறகும் எழுபதுகளின் திரைப்பாடல்களையே கேட்டுக்கொண்டிருக்கிறாயே, இந்த வயதுக்குக் கச்சேரியும் பக்திப் பாடலும் அல்லவா பொருத்தம் என்று உறவினர் ஒருவர் கேட்டதாகவும், அது மனத்தை உறுத்துவதாகவும் எழுதியிருந்தாய். நீ அதற்காக வருந்த வேண்டியதே இல்லை. இன்ன வயதுக்கு இன்ன இசை என்று யாரும் வகுத்து வைக்கவில்லை. ஆனால் புதிதாக ஒன்றை அரைகுறையாகக் கேட்டு உடனே தள்ளிவிடும் வழக்கம் வயதோடு சேர்ந்து வளர்கிறதே, அதற்கு மட்டும் நாம் இடம் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

நம் பள்ளிப் பருவத்தை நினைத்துப் பார். ஓல்டு டவுனில் உங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் காலையிலேயே இலங்கை வானொலி ஒலிக்கத் தொடங்கிவிடும். கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியோ விடியுமுன்பே ஊரை எழுப்பிவிடும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரே பாட்டு மாதக்கணக்கில் காதில் விழுந்துகொண்டிருந்தது. முன்னிசை எங்கே முடிகிறது, இரண்டாம் சரணத்துக்கு முன் குழல் எந்த இடத்தில் நுழைகிறது என்பதெல்லாம் எவரும் சொல்லித் தராமலே நமக்குப் பாடமாகிவிட்டன. பழகப் பழகத்தான் பலவற்றின்மீது விருப்பம் உண்டாகிறது என்பதை 1968-ஆம் ஆண்டிலேயே உளவியல் ஆய்வு எடுத்துக்காட்டியிருக்கிறது. முதியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் ஏறத்தாழப் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்டவையே மிகுதியாக வருகின்றன என்றும் உளவியலாளர்கள் சொல்கிறார்கள். அந்த வயதில் கேட்ட பாட்டு உன்னை விட்டுப் போகவில்லை என்றால் அது வளர்ச்சிக் குறைவு ஆகாது, மனித மனத்தின் இயல்பு அது.

அதே காரணத்தால்தான், நம் காலத்தோடு நல்ல இசை முடிந்துவிட்டது என்ற பேச்சையும் நான் ஏற்பதில்லை. 1976-இல் இளையராஜா திரைக்கு வந்தபோது, விசுவநாதன் இசையில் ஊறியிருந்த நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். 1992-இல் ரகுமான் வந்தபோது நம் வயதொத்தவர்களில் பலர், இது கணினி போடும் சத்தம் என்றார்கள். இரண்டு முறையும் இசை கெட்டுப்போகவில்லை. கேட்பவர்களுக்குத்தான் அது இன்னும் பழகவில்லை.

இன்றைய பாடல்களில் சொற்களே விளங்குவதில்லை என்று நீ வருத்தப்பட்டிருந்தாய். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. தாளக்கருவிகளின் முழக்கத்துக்குள் குரலைப் புதைத்துவிடும் பாடல்கள் உண்டு, அவற்றுக்கு நான் பரிந்து பேசப் போவதில்லை. ஆயினும் நம் காதுகளுக்கும் இதில் பங்கு உண்டு. பிறக்கும்போது மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை உணரும். வயது ஏற ஏற, உட்செவியில் நத்தைச் சுருள் போன்ற உறுப்பின் நுழைவாயிலருகே உள்ள நுண்ணிய உணர்செல்கள் முதலில் நலிகின்றன. கீச்சென்ற உயர்சுருதி ஒலிகளை வாங்குபவை அவையே. நலிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. ச, ட, ப போன்ற மெய்யொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் கூறுகள் பெரும்பாலும் அந்த மேல் அலைவரிசையில்தான் இருக்கின்றன. பழைய பாட்டில் அவை மங்கினாலும் நமக்குத் தெரியாது, ஏனென்றால் வரிகள் மனப்பாடம். புதிய பாட்டில் அந்த உதவி இல்லை. ஆகவே அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது செவித்திறனையும் சோதித்துக்கொள். நான் சோதித்துக்கொண்டேன், வலது காது சற்றுக் குறைந்திருக்கிறது.

ஓய்வு பெற்றபின் மாலைகளில் பாடலீசுவரர் கோயிலுக்குப் போகிறேன். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறியது நம் ஊர்ப் பக்கத்தில் அல்லவா? அவர் இத்தலத்தில் பாடிய திருவிருத்தத்தை ஓதுவார் தாளக்கட்டு இல்லாமல் பாடுவார். முதல் சில வாரங்கள் அது எனக்கு ஒரே மாதிரியாக, நீண்டுகொண்டே போவதாகத்தான் பட்டது. பிறகு ஒருநாள், ஒரு நெடிலின்மேல் குரலை நிறுத்தி, மெல்ல அசைத்து, மூச்சு முடியும் தறுவாயில் அடுத்த சீரை எடுக்கும் இடம் காதில் பட்டது. மறுநாள் அந்த இடத்துக்காகவே காத்திருந்தேன். நாற்பது வயதில் தொடர்ந்து கேட்டிருந்தாலும் இதே இன்பம் கிட்டியிருக்கும். வயது இதைத் தரவில்லை, தினமும் கேட்டது தந்தது. வீடு திரும்பியதும் நம் பழைய திரைப்பாட்டை நான் போட்டுக் கேட்காமலும் இல்லை. இரண்டும் என்னிடம் சேர்ந்தே இருக்கின்றன.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் மூத்த பேரனை அவனுக்கு மிகவும் பிடித்த ஒரே ஒரு பாட்டைச் சொல்லச் சொல். அதை ஒரு வாரம் நாள்தோறும், முடிந்தால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வேறு வேலை எதுவும் பார்க்காமல் முழுவதுமாகக் கேள். ஏழு நாளுக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் அந்தத் தீர்ப்பை நான் மதிப்பேன். பாட்டின் பெயரை எனக்கும் எழுது, நானும் கேட்கிறேன். வைகாசிப் பெருவிழாவுக்கு நீ இங்கு வந்துவிட்டால் அதைப் பற்றி நேரிலேயே பேசலாம். பேரனையும் அழைத்து வா.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்