போட்டோ பேப்பரோடு கலர் புரொஃபைலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடியில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் பிலிம் ரோலைச் சேர்த்து வைத்துத் தஞ்சாவூர் லேபுக்குக் கொடுத்தனுப்புவார். இப்போது 12-க்கு 18 இன்ச் வரை கடையிலேயே இங்க்ஜெட்டில் போட்டுவிடுகிறேன்.

போன மாதம் ஒரு பெண் தன் அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் போட வந்தாள். பிரிண்டைக் கையில் வாங்கியவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இது எங்கம்மா கலர் இல்லக்கா" என்றாள். மானிட்டரில் அந்த அம்மா நல்ல மாநிறம். தாளில் கன்னம் பச்சை பாய்ந்திருந்தது. நெற்றியில் மணலைத் தூவினாற்போல் சொரசொரப்பு. அவள் சொன்னது சரி. மறுநாள் வரச் சொல்லிவிட்டு ராத்திரி பிரிண்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

மை தெளிக்கும் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்கும் நாசில் செக் போட்டதில் லைட் மெஜந்தா (வெளிர் ஊதாச் சிவப்பு) மை வரிசையில் பாதிக் கோடு காணோம். பச்சைக்குக் காரணம் அது. தோல் நிறத்தில் மெஜந்தா கொஞ்சம் குறைந்தாலும் முகம் பச்சையடித்துப் போகும். இந்த லைட் மை எதற்கு என்பது தொழிலில் இருக்கும் பலருக்கே தெரிவதில்லை. நாலு கலர் பிரிண்டர், நெற்றி, கன்னம் மாதிரி வெளிச்சம் விழும் இடத்திலும் அடர்த்தியான மையைத்தான் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெளிக்கும். வெள்ளைத் தாளில் அந்தப் புள்ளி தனித்தனியாகத் தெரியும். அதைத்தான் நாம் கிரெயின்ஸ் என்கிறோம். ஆறு கலர் பிரிண்டரில் லைட் சயான் (வெளிர் நீலம்), லைட் மெஜந்தா என்று இரண்டு மை கூடுதல். வெளிர் மை என்பதால் நெருக்கமாகத் தெளிக்கலாம், புள்ளி கண்ணுக்குத் தெரியாது. துளியும் சின்னது. என் பிரிண்டரின் மிகச் சிறிய துளி 1.5 பிகோலிட்டர். ஒரு பிகோலிட்டர் என்றால் லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

இவ்வளவும் இருந்தும் அன்று சொரசொரத்ததற்குக் காரணம் என் அவசரம். ஹை ஸ்பீடை ஆன் செய்து வைத்திருந்தேன். அதில் மை தெளிக்கும் ஹெட் போகும்போதும் அடிக்கும், திரும்பும்போதும் அடிக்கும். அலைன்மென்ட் ஒரு மயிரிழை விலகியிருந்தால் இரண்டு பக்கத் துளியும் ஒரே இடத்தில் விழாது. அதை ஆஃப் செய்து, ஹெட் கிளீன் பண்ணி, அலைன்மென்ட் பார்த்து மறுபடி போட்டேன். நெற்றி வழவழப்பாக வந்தது. பச்சை முக்கால்வாசி போனது, முழுதாகப் போகவில்லை.

அந்த மிச்சப் பச்சைக்காகத்தான் இந்தக் கடிதம். அந்த வாரம்தான் வேறு மையும் வேறு பேப்பரும் வாங்கியிருந்தேன். இந்த பிரிண்டரில், இந்த மையை, இந்த பேப்பரில் தெளித்தால் என்ன நிறம் வரும் என்று அளந்து எழுதிய கணக்குதான் கலர் புரொஃபைல் என்னும் சின்ன ஃபைல். 1993-லேயே கம்ப்யூட்டர், அச்சு நிறுவனங்கள் கூடி ஐ.சி.சி. (இன்டர்நேஷனல் கலர் கன்சார்ட்டியம்) என்று அமைப்பு ஏற்படுத்தி இதற்குப் பொது வடிவம் கொண்டுவந்துவிட்டன. நான் வாங்கிய 270 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 270 கிராம்) பேப்பர் கவரில் பளபளப்பான பூப்படம் இருக்கிறது, புரொஃபைல் எங்கே கிடைக்கும் என்று ஒரு வரி இல்லை. நாமே செய்துகொள்ளலாம் என்றால் அளக்கும் கருவி என் பிரிண்டரை விட விலை.

புரொஃபைல் வைத்திருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால், பிரிண்டர் டிரைவரில் (பிரிண்டரை இயக்கும் மென்பொருளில்) கலர் கரெக்‌ஷனை நிறுத்தியே ஆக வேண்டும். இல்லையென்றால் இரண்டும் நிறத்தைத் திருத்தும், ஒரே குழம்புக்கு இரண்டு பேர் உப்புப் போட்ட கதைதான்.

பிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி லேப்களுக்குக் கொடுத்த மாதிரிப் படத்தில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அதற்கு நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். நம் ஊர்க் கறுப்பும் மாநிறமும் அந்தக் கணக்கில் வரவே இல்லை. அதனால் என் மாதிரிப் படத்தை நானே எடுத்து வைத்திருக்கிறேன்: என் முன்கை, பக்கத்தில் ஒரு வெற்றிலை, மஞ்சள் கிழங்கு, ஒரு செங்கல் துண்டு, நிறம் ஒரு பக்கம் சாய்ந்தால் காட்டிக்கொடுக்கும் ஒரு சாம்பல் நிற அட்டை. மை மாற்றும்போதெல்லாம் அதை அச்சடித்து, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில் ஜன்னலோரம் என் கையை அதன் மேல் வைத்துப் பார்க்கிறேன். டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்வதில்லை.

அந்த அம்மா படத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மெஜந்தா கூட்டி, நாலு தாள் வீணான பிறகு சரிக்கட்டினேன். மறுநாள் அந்தப் பெண் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். ஆனால் கல்யாண சீசனில் ஒரு நாளைக்கு முப்பது படம் போடும்போது ஒவ்வொன்றுக்கும் நாலு தாள் வீணடிக்க எந்த ஸ்டூடியோவாலும் முடியாது.

ஆகவே போட்டோ பேப்பரும் மையும் தயாரிப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் என் வேண்டுகோள்: நம் ஊர் ஸ்டூடியோக்களில் அதிகம் ஓடும் ஆறு கலர் பிரிண்டர்களுக்காவது புரொஃபைல் தயார் செய்து, அதற்கான கியூஆர் கோடைக் கவரிலேயே அச்சிடுங்கள். டிரைவரில் எந்த பேப்பர் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் தமிழில் ஒரு வரி போடுங்கள்.

படம் போட வருகிறவர்களுக்கும் ஒன்று. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடுகிறது, பெரிதாக்கினால் அதுவும் புள்ளி புள்ளியாகத்தான் வரும். டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லை போனையே கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ உரிமையாளர்,
மன்னார்குடி.