மலர்ச்சாலைக்கு எந்தக் குறிச்சொல்?

அன்புள்ள சிவா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்துவைத்துவிட்டு, முன்பக்கமெல்லாம் வரைபடம் பேசியிருக்கிறாய். குழந்தைக்கும் தாய்க்கும் என் ஆசிகள். இங்கே எல்லாரும் நலம், என் முழங்காலைத் தவிர.

கொழும்பில் பொரளைப் பக்கத்து மலர்ச்சாலைகளை, அதாவது இறந்தவரின் உடலை வைத்து அஞ்சலி செலுத்தும் இடங்களை, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எப்படிக் குறிப்பது என்று கேட்டிருந்தாய். நம்மைப் போல யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய அந்த இணைய வரைபடம் 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அதனால் ஓர் இடம் என்ன வகை என்று சொல்லும் குறிச்சொற்களெல்லாம் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில்தான். அடக்கத்துக்கு முன் உறவினர்கள் வந்து உடலைப் பார்க்கும் அறையை அந்த ஊரில் ‘சேப்பல் ஆஃப் ரெஸ்ட்’ என்பார்கள். இத்தகைய இடங்களுக்குக் குறிச்சொல் தேடியபோது அந்தப் பெயரும் பேச்சில் அடிபட்டது. அவர்கள் காதுக்கு அது உறுத்தாது. பிக்குமார் வந்து சடங்கு நடத்தும் கூடத்தின்மேல் ‘சேப்பல்’ என்று எழுதினால் கொழும்பில் என்ன சொல்வார்கள்? கடைசியில் ஏற்கப்பட்டது ‘பிளேஸ் ஆஃப் மோர்னிங்’, அதாவது துக்கம் காக்கும் இடம். அங்கே என்ன நடக்கிறதோ அதையே பெயராக்கியிருக்கிறார்கள். எனக்கு அது போதும்.

சடங்கு நடத்தும் மண்டபத்துக்கும், இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளரின் கடைக்கும் தனித்தனிக் குறிச்சொற்கள் உண்டு. உங்கள் மலர்ச்சாலையிலோ சவப்பெட்டி விற்பனையும், உடலைப் பதப்படுத்துவதும், ஆட்கள் வந்து அஞ்சலி செலுத்துவதும் ஒரே கூரையின் கீழ். கடைக்கு ஒரு புள்ளி, கூடத்துக்கு இன்னொரு புள்ளி வைத்துவிடு. பெயரைப் பலகையில் உள்ளபடி மூன்று மொழியிலும் எழுது. குறிச்சொல்தான் உலகத்துக்குப் பொது, பெயர் ஊருக்குச் சொந்தம்.

பொதுச்சொல் கிடைத்துவிட்டதே என்று எல்லாவற்றையும் அதற்குள் தள்ளவும் கூடாது. தென்கொரியாவில் பெரிய மருத்துவமனைகளிலேயே துக்கக் கூடம் இருக்கிறது. பெரும்பாலும் மூன்று நாள் துக்கம், வருகிறவர்களுக்குச் சாப்பாடும் உண்டு. அங்கே இந்தக் குறிச்சொல் கச்சிதமாகப் பொருந்தும். நியூசிலாந்தின் மாவோரி மக்களும் இறந்தவரை மராய் என்னும் தங்கள் பொதுக்கூடத்தில் கிடத்தி, நாள்கணக்கில் பக்கத்திலேயே இருந்து அழுகிறார்கள், பேசுகிறார்கள், பாடுகிறார்கள். ஆனால் ஊர்க்கூட்டமும் விருந்தினர் வரவேற்பும் அதே மராயில்தான். அதைத் துக்கக் கூடம் என்று குறித்தால் அந்த மக்களின் பொதுவீட்டை இழவுவீடாக்கியதாகிவிடும்.

எங்கள் கிராமப் பக்கம் இந்தக் குறிச்சொல்லுக்கு வேலையே இல்லை. வாசலில் ஒரு பந்தல், குளிர்பதனப் பெட்டி, வாடகை நாற்காலிகள். காரியம் முடிந்தால் அது வெறும் வாசல். எங்கள் சிக்கலெல்லாம் மயானத்தில். கபர்ஸ்தான், கல்லறைத் தோட்டம் என்று மதத்தைக் குறிப்பதில் எனக்குத் தயக்கமில்லை. சடங்கு வேறு, தேடி வருகிறவர்களும் அப்படித்தான் தேடுவார்கள். சாதிக்கொரு சுடுகாடு இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? களத்தில் உள்ளதை உள்ளபடி பதிவதுதான் வரைபடக்காரர்களின் விதி. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், சாதிப் பெயர் தாங்கிய மயானப் பலகைகளை அகற்றச் சொன்னது. பலகை போன பிறகும் நம் வரைபடத்தில் அந்தப் பெயர் நின்றுகொண்டிருந்தால் யாருக்கு லாபம்? நான் ஊர்ப்பெயரோடு மயானம் என்று மட்டும் எழுதுகிறேன். நடப்பதை மறைக்கிறாய் என்று இளைஞர் ஒருவர் சண்டைக்கு வந்தார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதனால் காலனியிலிருந்து வயல் வரப்போடு சுற்றிக்கொண்டு போகும் தனிப் பாதையை ஒரு வளைவு விடாமல் வரைந்துவைத்திருக்கிறேன். பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

நீ பொரளைக்குப் போகும்போது கூடத்தின் வாசலில் சக்கர நாற்காலி ஏறுமா என்று பார்த்து அதையும் சேர்த்துவிடு. துக்கத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நம் வயதுக்காரர்கள்.

அன்புடன்,
முருகேசன்