கையைத் தாங்கிப் பிடித்த கை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் ரெண்டு நிமிடத்தில் "சரிம்மா, வெச்சிடட்டா" என்று சொல்லிவிடுகிறாய். அதனால்தான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். முதலில் உடம்பைப் பார்த்துக்கொள். பீரியடுக்குப் பீரியட் ஓடுகிறவர்கள் முதலில் மறப்பது தண்ணீரைத்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எனக்குத் தொண்டை கட்டி, ஒரு மாதம் கையைத் தட்டித் தட்டியே வகுப்பை நடத்தினேன். உனக்கு அப்படி ஆகிவிடக் கூடாது.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி பழையபடிதான். தம்பி பரீட்சைக்குப் படிக்கிறான். அவன் அன்றைக்கு வாய்தவறி ஏதோ சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டான். நானும் துருவிக் கேட்கவில்லை. அவனைத் திட்டாதே.

ஒன்றாம் வகுப்பில் ஒரு குட்டி இருக்கிறாள். போன திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். என்னடா என்றால் பதில் இல்லை, மூடிய கையை மட்டும் நீட்டினாள். விரித்துப் பார்த்தால் நகம் அளவுக்கு ஒரு சாக்பீஸ் துண்டு. "உங்களோடது டீச்சர், கீழே கிடந்துச்சு." காலையில் எடுத்ததை ரெண்டு பீரியட் கைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். வேர்வையில் கரைந்து உள்ளங்கை ரேகையெல்லாம் வெள்ளையாகிவிட்டது. வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். மறுநாள் இன்னும் மூன்று பேர் ஆளுக்கொரு துண்டோடு வந்துவிட்டார்கள். எழுத ஆகாத துண்டுகளாகவே பெட்டி நிறைந்து கிடக்கிறது, தூக்கிப்போட மனம் வரவில்லை. உன் வகுப்பிலும் இப்படி யாராவது இருப்பார்கள். இருக்கிறார்களா?

கணக்கு சார் இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறார். உன்னை எப்போதும் விசாரிப்பார். அவர் இன்னமும் போர்டில் 'லை'யைத் தும்பிக்கை போட்டுத்தான் எழுதுகிறார். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது ணை, லை, ளை, னை, அதோடு ணா, றா, னா, அவற்றின் ஒகர, ஓகார எழுத்துகள் என்று பதின்மூன்று எழுத்துகள் மாறின. சார் அதற்கு முன்பே எழுதப் பழகியவர். "சார், இந்த எழுத்துக்கு ஏன் தும்பிக்கை இருக்கு?" என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். சார் ஸ்டாஃப் ரூமில் வந்து சொன்னார்: "எனக்கும் மாத்தணும்னுதான் இருக்கு டீச்சர். கை கேட்க மாட்டேங்குது." எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பேச்சு அன்றைக்கு முழுவதும் என்னை விடவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மூன்று வாரம் ஆகிறது பாப்பா. ஒரு போன் போட எவ்வளவு நேரம் ஆகும்? நீ வேலை வாங்கியபோது இந்தப் பள்ளிக்கூடம் முழுக்க நான் சொல்லிக்கொண்டு திரிந்தது உனக்குத் தெரியும். போர்டில் என் பெண் எழுதுகிற எழுத்து கடைசி பெஞ்சு வரை தெரியும் என்று இப்போதும் சொல்கிறேன். அது பொய்யில்லை. அதனால்தான் நீ ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாயோ என்றும் தோன்றுகிறது. சரி, அதை விடு. ராத்திரி நேரத்துக்குத் தூங்கு. தண்ணீர் குடி.

போன மாதம் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. வழக்கமாக இந்தப் பயிற்சிகளில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவேன், இந்தத் தடவை முடியவில்லை. பாடம் எடுத்தவர் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளரைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மாள் 1970-களில் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவு செய்து ஆராய்ந்திருக்கிறார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடியாம். அதை மூன்று வினாடி ஆக்கியதும், ஒற்றைச் சொல்லில் பதில் சொன்ன பிள்ளைகள் நீளமாகப் பேச ஆரம்பித்தார்கள், வாயே திறக்காதவர்களும் திறந்தார்கள். மூன்று வினாடி என்பது ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். வகுப்பில் செய்து பார்த்தால்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரிகிறது. நாக்கு அரிக்கிறது.

நேற்று நான்காம் வகுப்பில் பின்னம். இரண்டில் ஒன்று பெரிதா, மூன்றில் ஒன்று பெரிதா என்று கேட்டேன். மூன்றுதான், மூன்றுதான் என்று பாதி வகுப்பு கத்தியது, எப்போதும் கத்துவதுதான். மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நின்றேன். கடைசி வரிசையில் ஒரு பையன், இந்த வருடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வலது கையைத் தூக்கி, வலி தாங்காமல் முழங்கைக்கு அடியில் இடது கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பினேன். "எங்க வீட்ல நாங்க மூணு பேர் டீச்சர். ரெண்டு பேரா இருந்தா எனக்கு இன்னும் கொஞ்சம் கிடைச்சிருக்கும்" என்றான். நான் நாற்பது நிமிடம் படம் போட்டு விளக்க வேண்டியதை அவன் உட்காருவதற்குள் சொல்லிவிட்டான்.

அந்த இடது கையைப் பார்த்ததும் எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. நீயும் அப்படித்தான் பிடிப்பாய், அதே நான்காம் வகுப்பில், ஜன்னல் பக்கம் மூன்றாவது பெஞ்சில். எனக்குத் தெரியும், பார்த்தேன். தினமும் பார்த்தேன். உன்னை எழுப்பினால் டீச்சர் பெண்ணுக்குச் சலுகை என்று யாராவது சொல்லிவிடுவார்களே என்று உன்னைத் தாண்டி வேறு பிள்ளைகளை எழுப்பினேன். அந்த வருடம் முழுக்க ஒரு தடவைகூட உன்னைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தால் நீயும் ஒன்றும் கேட்க மாட்டாய். அரைப் பரீட்சைக்குப் பிறகு நீ கை தூக்குவதையே விட்டுவிட்டாய். அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

வீட்டிலும் அதேதான் செய்திருக்கிறேன். வருகிறவர்கள் உன்னிடம் கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொன்னேன். அன்றைக்கு மாமா, "பி.எட். சேரப் பிடிச்சிருக்கா, இல்ல அம்மாவுக்காகவா?" என்று உன்னைத்தான் கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் "அவளுக்கு உயிர்" என்று நான் சொல்லிவிட்டேன். நீ என்ன சொல்ல இருந்தாய் என்று இத்தனை வருடத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை. போனிலும் "சாப்பிட்டியா, சாப்பிட்டிருப்பே, கிளாஸ் நல்லாத்தான் போகும் உனக்கு" என்று நானே கேட்டு நானே பதிலும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீ 'ம்' தவிர வேறு என்ன சொல்வாய்? சார் கை கேட்கவில்லை என்றார். எனக்கு வாய்.

வேலையை விடு என்று சொல்ல இதை எழுதவில்லை. விடாதே என்று சொல்லவும் எழுதவில்லை. தம்பி பாதியில் நிறுத்தியதை நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். சொல்லாவிட்டாலும் உன்மேல் கோபம் இல்லை. லீவு போட்டிருந்தால் லீவாக இரு. சரியாகத் தூங்கு. தொண்டையைப் பார்த்துக்கொள், தண்ணீர் குடி, எத்தனையாவது தடவை சொல்கிறேன் என்று எண்ணாதே.

இந்த ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட மாட்டேன். உனக்குத் தோன்றும்போது நீ கூப்பிடு. "சொல்லு பாப்பா" என்று மட்டும் கேட்டுவிட்டு இந்தப் பக்கம் பேசாமல் இருப்பேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே.

அம்மா